யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நான் தொலைத்த 73,600 ரூபாய்

தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி, கேரள எல்லை தாண்டி வண்டன்மேடு, புத்தடி பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளில் ஒன்று என்னுடையது. விடிகாலை ஐந்தரைக்கு எடுத்தால் ஏழு மணிக்குள் எல்லாரையும் அவரவர் தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வரவேண்டும். எனக்கு ஹெச்.ஐ.வி இருப்பது 2018-ல் தெரிந்தது. எப்படி வந்தது என்று கேட்பீர்கள். என் தப்புதான். அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லியாகிவிட்டது, இங்கே வேண்டாம். நான் எழுத வந்தது அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றி. இந்த நோய்க்கு மாத்திரை இலவசம், டெஸ்ட் இலவசம், டாக்டர் இலவசம். இருந்தும் முதல் இரண்டு வருடத்தில் 73,600 ரூபாய் என் கையை விட்டுப் போனது. யாராவது ஒரே ஒருத்தரிடம் சரியான நேரத்தில் வாய் திறந்திருந்தால் அதில் முக்கால்வாசி போயிருக்காது.

2018 ஜூலையில் குடல் இறக்கத்துக்கு ஆபரேஷன் செய்யலாம் என்று எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். முன்பணமும் டெஸ்டுகளுமாக 7,200 ரூபாய். மறுநாள் காலை பட்டினி போட்டுப் படுத்திருக்கிறேன், நர்ஸ் வந்து வார்டு நடுவில் நின்றபடியே "சேட்டா, இவிடெ செய்யான் பற்றில்லா" என்றார், இங்கே செய்யமுடியாது என்று. ஏன் என்று கேட்டதும் குரலைத் தாழ்த்தினார், ஆனால் போதுமான அளவு தாழ்த்தவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணைக்கு இருந்த அம்மா, எங்கள் இரண்டு பேர் கட்டிலுக்கும் நடுவில் இருந்த ஸ்டூலிலிருந்து தன் பிளாஸ்க்கை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார். வேறொன்றும் செய்யவில்லை, என்னை முறைக்கக்கூட இல்லை. டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தையும் இன்று நினைவில் இல்லை. அந்த பிளாஸ்க் சிவப்பு நிறம், மூடியில் ஒரு கீறல் இருந்தது.

இப்போது தெரிந்ததை அப்போது தெரிந்திருந்தால் சும்மா கிளம்பி வந்திருக்க மாட்டேன். ஹெச்.ஐ.வி இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சையை மறுப்பதும், நம் சம்மதம் இல்லாமல் அதை மற்றவருக்குச் சொல்வதும் சட்டப்படி கூடாது. சட்டம் 2017-லேயே நிறைவேறியிருந்தாலும் நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10-ம் தேதி. எனக்கு நடந்தது அதற்கு இரண்டு மாதம் முன்னால், என் ராசி அப்படி. உங்களுக்கு இன்று நடந்தால், மறுக்கிறார்கள் என்றால் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், பாதிப் பேர் அங்கேயே இறங்கி வந்துவிடுவார்கள். 1097 என்ற இலவச எண்ணுக்கு அடித்தால் அடுத்து என்ன செய்வது என்று தமிழிலேயே சொல்வார்கள். அந்த எண்ணை எத்தனையோ சுவரில் பார்த்திருக்கிறேன், எனக்கு என்று ஆனபோது அது கண்ணில் படவே இல்லை.

வீட்டில் "சுகர் இருக்காம், கொஞ்ச நாள் கழிச்சு ஆபரேஷன்" என்று சொல்லிவிட்டேன். ஆகஸ்டில் கேரளாவில் பெரு வெள்ளம், இடுக்கிப் பக்கம் எல்லாம் மண் சரிந்து ரோடு அடைபட்டு வண்டி ஓடவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்து ராத்திரி முழுக்க போனில் தேடித் தேடி, பயம் ஏறியதுதான் மிச்சம். வெளியூர் போய் இரண்டு தனியார் லேப்பில் 3,400 கொடுத்துத் திரும்பவும் பார்த்தேன், பெயரை மாற்றிக் கொடுத்து. இரண்டிலும் பாசிட்டிவ். இங்கே ஒன்று சொல்கிறேன், அரசு ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையம் என்று ஓர் அறை இருக்கும், கேரளப் பக்கம் அதற்கு ஜோதிஸ் என்று பெயர். அங்கே காசு வாங்காமல், ஒன்றில் பாசிட்டிவ் வந்தால் இன்னும் இரண்டு வேறு வேறு கிட்டில் பார்த்துத்தான் உறுதி சொல்வார்கள். அந்த அறை வாசல் வரை இரண்டு தடவை போனேன். பெஞ்சில் தெரிந்த முகம் இருக்குமோ என்று திரும்பி வந்தேன்.

செப்டம்பரில்தான் அந்த வைத்தியர். எல்லை தாண்டி உள்ளே ஒரு மணி நேரம் போகவேண்டும். மூன்று மண்டலத்தில் ரத்தத்தில் இருந்து முழுசாக எடுத்துவிடலாம், ஒரு மண்டலத்துக்கு 14,000 என்றார். திப்பிலியும் வெல்லமும் வாசம் அடிக்கிற ஒரு லேகியம், பொடி ஒன்று. மனைவியின் இரண்டரைப் பவுன் சங்கிலியை "ஜீப் இன்ஜின் வேலை" என்று சொல்லி வாங்கி 45,000-க்கு அடகு வைத்தேன். முதல் மாதம் நன்றாகப் பசித்தது, குணமாகிறது என்று நம்பினேன். "யாரிடமும் சொல்லாதே, ஆங்கில மருந்துப் பக்கம் போகாதே" என்று அவர் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறையத் தோன்றும். வீட்டில் ஓர் ஆளுக்குத் தெரிந்திருந்தால் முதல் டப்பாவோடு சட்டையைப் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். எய்ட்ஸைக் குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்து விற்கவே கூடாது என்று மருந்துச் சட்ட விதிகளிலேயே இருக்கிறது. ஏ.ஆர்.டி என்கிற கூட்டு மருந்து வைரஸை அடக்கி வைக்கும், உடம்பை விட்டுத் துரத்தாது. துரத்துகிறேன் என்று யார் சொன்னாலும் பர்ஸைத் திறக்காதீர்கள். 42,000 போனது எனக்குப் போதும்.

டிசம்பரில் இடது விலாவைச் சுற்றிப் பட்டையாக அக்கி வந்தது. அம்மா விடவில்லை, குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவி குழைத்து அக்கி எழுத வைத்தார். சட்டையைக் கழற்றி உட்கார்ந்திருந்தபோது "என்னடா இப்படி எலும்பா இருக்க" என்று அம்மா முதுகைத் தடவினார். 71 கிலோ இருந்தவன் 57-க்கு வந்திருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கடுத்து விடாத காய்ச்சலோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு சின்ன வயது டாக்டர், விலாவில் இருந்த தழும்பைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்காமல் நம்பிக்கை மையத்துக்குச் சீட்டு எழுதினார். 2019 ஜனவரி. சிடி4 என்கிற, நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை 142. ஜூலையிலேயே வந்திருந்தால் அன்றைக்கே மருந்து ஆரம்பித்திருப்பார்கள், ஏனென்றால் 2017-லிருந்து சிடி4 எவ்வளவு இருந்தாலும் எல்லாருக்கும் உடனே மருந்துதான்.

மருந்துக்கு எங்கள் மாவட்டத்து ஏ.ஆர்.டி மையம் வேண்டாம், மதுரையில் வாங்கிக்கொள்கிறேன் என்று நானே கேட்டு மாற்றிக்கொண்டேன். என் ஜீப்பில் வருகிறவர்கள் யாராவது பார்த்துவிட்டால்? மாதம் ஒரு நாள் போய்வர, பஸ்ஸும் சாப்பாடும் அன்றைக்கு வண்டி ஓடாத நஷ்டமும் சேர்த்து 1,500 ஆகும். பதினான்கு தடவை போனேன், 21,000. ரகசியத்துக்குக் கொடுத்த பஸ் சார்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அங்கே கவுன்சிலர் மேடம் "உங்க கூட இருந்து மாத்திரையை ஞாபகப்படுத்த யாராவது ஒருத்தர் பேர் சொல்லுங்க" என்றார். யாரும் இல்லை மேடம் என்றேன். போன் நம்பரில் கடைசி இலக்கத்தை மாற்றிக் கொடுத்தேன், வீட்டுக்குப் போன் வந்துவிடும் என்ற பயம். என்ன வேலை என்றதற்குத் தோட்ட வேலை என்றேன். இந்த மூன்று பொய்யும் ஒரே மாதத்தில் திருப்பி அடித்தது.

அப்போது கொடுத்தது மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, டி.எல்.இ என்பார்கள், ராத்திரி படுக்கும்போது போடவேண்டும். அதில் இருந்த எஃபாவிரென்ஸ் என்கிற மருந்துக்குத் தலைசுற்றலும் விதவிதமான கனவுகளும் வரும். எனக்கு வந்தது. நாலரைக்கு எழுந்தால் தரை சரிந்திருக்கிற மாதிரி இருக்கும். அந்தத் தலையோடு பதினான்கு பேரை ஏற்றி மெட்டு ஏறினேன். ஒருநாள் ஒரு வளைவில் எதிரே வந்த லாரியின் விளக்கு ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு டயரைப் பார்க்கிற மாதிரி இறங்கி நின்றேன், கால் நடுங்கியது. அன்றிலிருந்து மாத்திரையை நிறுத்தினேன், பன்னிரண்டு நாள். வராதவர்களைத் தேடிப் போன் செய்வார்கள், எனக்கும் செய்திருக்கிறார்கள், அந்த நம்பரில் யாரோ எடுத்து ராங் நம்பர் என்று வைத்திருக்கிறார். பின்னால் அங்கே பழக்கமான ஓர் அண்ணன்தான் கேட்டார், ராத்திரி என்ன சாப்பிடுவே என்று. பரோட்டா சால்னா என்றேன். சிரித்தார். எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு மேல் அந்த மாத்திரையைப் போட்டால் உடம்பில் அதிகம் ஏறித் தலைசுற்றல் கூடும், சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு வயிறு காலியானதும் போடவேண்டும் என்றார். மேடமும் ஆரம்பத்தில் சொல்லியிருப்பார், நான் கேட்கிற நிலையில் இல்லை. டிரைவர் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் கொஞ்ச நாள் வண்டி எடுக்காதே என்றாவது சொல்லியிருப்பார்கள். இப்போது பெரும்பாலும் டி.எல்.டி என்ற மாத்திரை, எனக்கும் மாற்றிவிட்டார்கள், அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் மையத்தில் சரியான நம்பரைக் கொடுங்கள், தொழிலைச் சொல்லுங்கள். இன்னொன்று, மாத்திரையைப் பேப்பரில் மடித்து ஒளித்து வைக்காதீர்கள். மெட்டுக்கு மேலே எப்போதும் ஈரக் காற்று, என் டேஷ்போர்டில் வைத்திருந்தது பிசுபிசுத்துப் போனது. அந்த டப்பாவிலேயே இருக்கட்டும், உள்ளே ஈரத்தை உறிஞ்ச வைத்திருக்கிற சின்னப் பொட்டலத்தையும் தூக்கிப் போடாதீர்கள்.

தலைசுற்றின அந்த நாட்களில் வண்டி ஓட்டித்தர ஒரு நண்பனைக் கேட்டேன். இருபது வருடப் பழக்கம். ஏன்டா என்றான். சொல்லிவிட்டேன். முதல் முதலாக வாய் திறந்தது அவனிடம்தான். என் கையைப் பிடித்து அழுதான். மூன்றாம் வாரம் என் ஜீப்பில் ஆறு பேர்தான் ஏறினார்கள், மீதி எட்டுப் பேர் பின்னால் நின்ற அவன் மச்சான் வண்டியில். காய் எடுப்பு நேரம் வந்தும் கூட்டம் திரும்பவில்லை. அந்த நஷ்டத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை, சேர்த்தால் மனசு தாங்காது. ஆனால் ஒரு வயசான அப்பத்தா, எப்போதும் பின்னால் உட்காருகிறவர், அந்த வாரத்திலிருந்து முன் சீட்டில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு "எடுய்யா வண்டிய, நேரமாச்சு" என்பார். வேறு எதுவும் பேசமாட்டார். அந்த ஆறு பேரும் இறங்காமல் இருந்ததற்கு அவர்தான் காரணம் என்று நினைக்கிறேன், கேட்டதில்லை.

என் மனைவிக்கு நான் சொல்லவில்லை, ரேஷன் கடை வரிசையில் சொல்லப்பட்டது. வீட்டுக்கு வந்தேன், அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் "சங்கிலி எங்க?" என்றார். அவ்வளவுதான். நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது முறத்தில் இருந்த அரிசியை மறுபடியும் முதலிலிருந்து புடைக்க ஆரம்பித்தார். மறுநாள் பையனைக் கூட்டிக்கொண்டு சின்னமனூரில் அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பதினோரு நாள். அதற்குள் அவரே போய் டெஸ்ட் எடுத்திருந்தார், நெகட்டிவ். மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை, அதுவும் நெகட்டிவ். எட்டு மாதம் முன்பே சொல்லியிருக்க வேண்டியது அவர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அதை ஊர் சொல்லிக் கேட்க வைத்தேன். இதற்கு நான் சமாதானம் எதுவும் சொல்லமுடியாது. திரும்பி வந்த அன்று, மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. "மாத்திரை எந்தத் தேதியில தீரும்?" என்று கேட்டு, தினசரி காலண்டரில் அந்தத் தாளின் மூலையை மடக்கிவிட்டார். அன்றிலிருந்து ஒரு ராத்திரிகூட மாத்திரை தவறவில்லை. ஆறாவது மாத வைரல் லோடு டெஸ்டில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. அந்த அளவிலேயே தொடர்ந்து இருந்தால் உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னபோது அவர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார்.

அப்போது எனக்குத் தோன்றாத ஒன்று, என் மனைவிக்கு யார் இருக்கிறார்கள் என்பது. என்னைத் தேற்றுவதற்கு மையத்தில் மேடம், அந்த அண்ணன் எல்லாம் இருந்தார்கள். அவர் யாரிடமும் பேசமுடியாமல் ராத்திரி கொல்லைப்புறத்தில் போய் நின்றுகொண்டிருப்பார். கடைசியில் அவர் அக்காவிடம் சொல்லட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். அக்கா வீட்டில் எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி, எனக்கு மட்டும் பேப்பர் கப். ஐந்து வருடம் தாண்டியும் பேப்பர் கப்தான், காபி நன்றாகவே இருக்கும். ஆனால் அதே அக்காதான் சங்கிலியை மீட்கப் பணம் கொடுத்தார், தங்கையின் புலம்பலை மணிக்கணக்கில் போனில் கேட்டார். அதனால் டம்ளர் விஷயத்தை விட்டுவிட்டேன்.

யாரிடம் முதலில் சொல்வது என்று என்னிடம் இப்போது சில பேர் கேட்கிறார்கள். கல்யாணம் ஆனவர் என்றால் அதில் தேர்வே கிடையாது, துணைவரிடம்தான். ஒற்றையாகச் சொல்லப் பயமாக இருந்தால் மையத்துக்குக் கூட்டிவாருங்கள், கவுன்சிலர் கூட இருந்து பேசுவார், எத்தனையோ குடும்பத்துக்குப் பேசியவர்கள் அவர்கள். மற்றவர் என்றால், சொல்வதற்கு முன் வேறு யாருக்கோ இப்படி இருக்கிறதாம் என்று ஒரு பேச்சு எடுத்துப் பாருங்கள். "அது யாரு, எந்தத் தெரு?" என்று கேட்கிறவரிடம் சொல்லாதீர்கள். என் நண்பன் அப்படித்தான் எப்போதும் கேட்பான், நான்தான் கவனிக்கவில்லை. அழுகிறவரெல்லாம் ரகசியம் காக்கிறவர் இல்லை. நாலு பேருக்குச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, ஒருத்தர் போதும், அவரிடமும் இன்னொருவரிடம் சொல்லலாமா கூடாதா என்பதை வாய்விட்டுப் பேசிவிடுங்கள்.

அந்த அண்ணன் பலமுறை கூப்பிட்டும் ஹெச்.ஐ.வி உள்ளோர் கூட்டத்துக்கு ஒரு வருடம் நான் போகவில்லை, யாராவது பார்த்துவிடுவார்கள் என்றுதான். போன முதல் நாள், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் வெலவெலத்துப் போனோம், அப்புறம் டீ குடித்தோம். இந்த மாதிரிச் சங்கங்கள் புதிது இல்லை, 1997-லேயே சென்னையில் ஐ.என்.பி பிளஸ் தொடங்கியது, அடுத்த வருடம் நாமக்கல் பக்கத்து கௌசல்யா பெரியசாமி பெண்களுக்கென்றே ஒன்று ஆரம்பித்தார். இலவச மருந்தே 2004-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் இவர்களுக்கு ஒருவருக்கொருவர் மட்டும்தான் இருந்தார்கள் என்று அங்கே ஒரு மூத்த அம்மா சொன்னார்.

2020 மார்ச் ஊரடங்கில் என்னிடம் ஒன்பது மாத்திரை இருந்தது, மதுரைக்குப் பஸ் இல்லை. மேடத்துக்குப் போன் போட்டேன், இந்தத் தடவை என் உண்மையான நம்பரிலிருந்து. உங்க மாவட்டத்து மையத்திலேயே வாங்கிக்கலாம், மருந்து வாங்குற புத்தகத்தைக் காட்டினா போதும் என்றார். பதினான்கு தடவை மதுரை போனவனுக்கு எப்படி இருந்திருக்கும்! களப்பணியாளர் ஒருவர் பைக்கில் கம்பம் வரை வந்து கொடுத்துவிட்டே போனார். அதே வாரம் மெட்டுக்கு மேலே தோட்ட லயத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணுக்கு மூன்று மாத்திரைதான் பாக்கி என்று செய்தி வந்தது. செக்போஸ்டில் ஆள் போக முடியாது, காய்கறி லாரி மட்டும் போகும். எனக்குத் தெரியாத லாரி டிரைவரா? தக்காளிப் பெட்டிக்கு நடுவில் ஒரு டப்பா போய்ச் சேர்ந்தது. கேரளப் பக்கத்தில் உஷஸ் என்கிற ஏ.ஆர்.டி மையத்திலேயே அவர் வாங்கியிருக்கலாம், எல்லை தாண்டினாலும் புத்தகம் இருந்தால் தருவார்கள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வேலைக்காக எல்லை தாண்டித் தங்குகிறவர்கள் அந்தப் புத்தகத்தின் படத்தையாவது போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரடங்கு முடிந்ததும் என் மாவட்டத்துக்கே மாற்றிக்கொண்டேன். இப்போது நிலையாக இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒருதடவை போனால் போதும். குடல் இறக்க ஆபரேஷனும் அரசு ஆஸ்பத்திரியில் முடிந்தது, செலவு இல்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது, தெரிய வேண்டாம் என்பது நானும் மனைவியும் எடுத்த முடிவு, சரியா தப்பா தெரியவில்லை. பையனுக்குச் சொல்லவேண்டும். ஊரில் யாராவது சொல்லி அவன் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்கிறேன் நான். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்கிறார் அவர். மார்ச்சில் பரீட்சை.